பழம் விட்டது போக மீதிதான் பால்

புளிப்பக்காவுக்கு இனிப்பு பிடிக்காது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருபத்தாறு வருடமாக, நாளுக்கு இருநூற்று நாற்பது பழ மஃபின் சுடுகிறவர் அவர். அதில் ஒன்றையாவது முழுதாகத் தின்று பார்த்திருப்பாரா என்றால், இல்லை. பழத்தைக் கடிப்பார், மாவை நாக்கு நுனியில் வைப்பார், இரண்டையும் தொட்டியில் துப்பிவிடுவார். சர்க்கரை நோய் ஏழு வருடத்துக்கு முன்புதான் வந்தது. அதற்கு முன்பும் இதே கதைதான். காரணம் கேட்டால், "எனக்குப் பிடிச்ச மாதிரி சுட்டா படுத்திருக்கிறவன் எந்திரிச்சு ஓடிடுவான்" என்பார்.

பெயர் வைத்தது பழக்காரர். ஒவ்வொரு பெட்டியிலும் மேலடுக்கை விட்டுவிட்டு, கையை உள்ளே நுழைத்து மூன்றாவது பழத்தை எடுத்துக் கடிப்பது அக்காவின் வழக்கம். மற்ற வாடிக்கையாளர்கள் பழம் புளிக்கிறது என்று சண்டை போடுவார்கள். இவர் ஒருவர்தான் புளிப்பு பத்தவில்லை என்று பெட்டியைத் திருப்பி அனுப்புவார். மனிதர் முதல் மாதம் குழம்பினார். இரண்டாம் மாதம் பெயர் வைத்தார். பிறகு ஆஸ்பத்திரி முழுக்க அதுவே பெயராகிவிட்டது. சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

அவர் அங்கே வேலைக்குச் சேர்ந்தது பாத்திரம் கழுவ. சேர்ந்த நான்காம் மாதம், மஃபின் சுட்டுக்கொண்டிருந்த ஆள் ஏதோ ஓட்டலில் இடம் கிடைத்துச் சொல்லாமல் போய்விட்டார். மூன்று நாள் அடுப்பு சும்மா கிடந்தது. சும்மா கிடக்கிற எதையும் பார்த்துக்கொண்டிருக்க அக்காவால் முடியாது. பேக்கிங் பவுடர் டப்பாவின் முதுகில் அச்சடித்திருந்ததைப் படித்து ஒரு தட்டு சுட்டார். கல். அது பிரசவ வார்டுக்குப் போனது. அங்கே அன்றைக்கு யாருக்கும் கோபப்படத் தெம்பில்லை. இரண்டாம் தட்டு பல்லுக்குப் பணிந்தது. ஒரு வாரத்தில் பாத்திரம் கழுவ வேறு ஆள் வைத்துவிட்டார்கள். இவரை யாரும் மஃபின் சுடுகிறவராக நியமிக்கவில்லை. யாரும் நிறுத்தவும் இல்லை. இருபத்தாறு வருடம் அப்படியே ஓடிவிட்டது.

எந்தப் பழம் என்று முன்கூட்டித் திட்டம் போடுவது கிடையாது. காலை ஆறு மணிக்குப் பின்வாசலில் பழக்காரரின் வண்டி வந்து நிற்கும். எது நன்றாக இருக்கிறதோ அதுதான் அன்றைய மஃபின். பிளம்ஸ், பீச், கொய்யா, பேரிக்காய், அத்தி, திராட்சை, ஆப்பிள் விளைகிற மாதத்தில் ஆப்பிள். பழத்தை நறுக்கிச் சர்க்கரையில் புரட்டி அரைமணி நேரம் வைப்பார். அது விடுகிற சாற்றை வடித்து, கோடு போட்ட ஜாடியில் ஊற்றுவார். சாறு எந்தக் கோட்டில் நிற்கிறதோ, அதற்கு மேல் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் பால். மழை பெய்து ஊறிய பிளம்ஸ் என்றால் பாலுக்கு வேலையே இருக்காது. வெயிலில் வந்த கொய்யா என்றால் ஜாடி முழுக்கப் பால்தான். பழம் விட்டது போக மீதிதான் பால். அவருடைய மொத்தச் செய்முறையும் இவ்வளவுதான். இதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதத் தெரியாமல் இல்லை. இன்றைக்கு எழுதினால் நாளைக்குப் பொய்யாகிவிடும்.

பருவப் பழத்தைத் தவிர வேறெதையும் தொடாத இந்த அம்மாள் வீட்டில் என்ன செய்கிறார் என்று பார்த்தால், டப்பா அன்னாசி. வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். மழைக்காலத்தில் மோட்டாரில் ஈரம் ஏறும் என்பதைத் தாண்டிப் பருவங்களைப் பற்றி அவருக்கு அபிப்பிராயம் கிடையாது. டப்பா அன்னாசி என்றால் உயிர். அக்காவே கடையில் வாங்கி, தன் கையால் திறந்து, பாகோடு கிண்ணத்தில் கொட்டிக் கொடுப்பார். இது என்ன நியாயம் என்று அவருடைய நாத்தனார் ஒருமுறை கேட்டிருக்கிறார். நாத்தனாருக்கும் அதே ஆஸ்பத்திரியில்தான் வேலை. சலவைக்கூடத்தில் துணிக்கு எண் போடுகிறவர்.

"உங்கண்ணனுக்கு ஜன்னல் இருக்கு, வெளிய பாத்துக்குவாரு" என்று அக்கா பதில் சொன்னார். "மேல படுத்துக் கிடக்கிறவங்களுக்கு இது என்ன மாசம்னு யாரு சொல்றது?"

நாத்தனார் அதற்குமேல் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததை வீட்டில் பல நாள் பேசிக்கொண்டார்கள்.

அந்த வருடம் பிளம்ஸ் உச்சத்தில் இருந்தபோது ஓர் அறிவிப்பு வந்தது. கொண்டுவந்தவர் கேன்டீன் மேனேஜர். சொந்தமாக ஒரு வாக்கியம் பேசி யாரும் கேட்டிராத மனிதர். எதைக் கேட்டாலும் "மேல சொல்லியிருக்காங்க" என்பார். கீழ்த்தளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு எல்லோருமே மேலேதான் இருக்கிறார்கள் என்பதால், அதை வைத்து யாரென்று கண்டுபிடிக்கவும் வழியில்லை. இந்த முறை கண்டுபிடிக்க முடிந்தது. தாளின் அடியில் டயட்டீஷியனின் கையெழுத்து இருந்தது. ஒன்றாம் தேதியிலிருந்து ஆப்பிள் மட்டும். இத்தனை கிராம் பழம், இத்தனை கிராம் சர்க்கரை, இத்தனை மில்லி பால். ஒவ்வொன்றிலும் ஒட்ட அச்சடித்த லேபிள். மீறினால் அடுப்பைப் பூட்டிவிட்டு, வெளியிலிருந்து உறைய வைத்த மஃபின் வரவழைக்கப்படும். சுடவைத்துத் தட்டில் அடுக்குகிற வேலைக்கு அக்கா இருக்கலாம்.

இங்கே வாசகர் டயட்டீஷியன்மீது கோபப்படத் தயாராகிவிடக்கூடும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது. வேலையில் சேர்ந்து ஒரு வருடம்தான். சர்க்கரை நோய் வார்டில் ஒருவருக்கு மூன்று நாள் தொடர்ந்து சர்க்கரை எகிறியிருந்தது. ஏன் என்று தேடிக்கொண்டு போனவருக்குக் கிடைத்தது, உணவு அட்டையில் 'பழ மஃபின் ஒன்று' என்ற வரி. என்ன பழம் என்று வார்டில் கேட்டார், தெரியவில்லை. மேனேஜரைக் கேட்டார், கீழே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். கடைசியில் வந்த பதில், அன்றைக்கு நன்றாகக் கனிந்த அத்தி. அதே வாரம், பீச் பட்டாலே உடம்பெல்லாம் தடிக்கிற ஒருவர், கடிப்பதற்கு முன் மோந்து பார்த்ததால் தப்பித்தார். நர்ஸ்கள் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் ஊசியில் மருந்தின் அளவை வைக்கிறார்கள். டயட்டீஷியன் சொன்னது சரி. புளிப்பக்கா செய்ததும் சரி. இரண்டு தப்புகள் மோதிக்கொண்டால் யாராவது ஒருவர் வெட்கப்பட்டு விலகுவார். இரண்டு சரிகள் மோதிக்கொண்டால் அந்த வசதி கிடையாது.

அக்கா எட்டு நாள் ஆப்பிள் போட்டார். தாளில் உள்ளபடி, ஒரு கிராம் கூடாமல் குறையாமல். குளிர்கிடங்கில் எட்டு மாதம் கிடந்த ஆப்பிள். கடித்தால் சுண்ணாம்புக் கட்டி. அதைச் சர்க்கரையில் புரட்டி அரைமணி வைத்தபோது ஜாடியில் விழுந்தது நாலு சொட்டு. தாள் சொன்ன பாலை ஊற்றினார். மேலே வெடிக்காமல், நடுவே உயராமல், எல்லாம் ஒரே உயரத்தில் வரிசையாக வந்தன. மேனேஜருக்கு அந்த ஒழுங்கு பிடித்திருந்தது.

எட்டாம் நாள் மாலை தட்டுகள் திரும்பி வந்தன. அக்கா கழுவுகிற இடத்துக்குப் போய் நின்று பார்த்தார். ஒரு கடி கடித்து வைத்த மஃபின்கள். தொடாமலே வந்தவை. ஒன்றில் யாரோ டீக் கோப்பையை வைத்து, மேலே வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தது. அந்தப் பள்ளம் விழுந்ததை மட்டும் தனியே எடுத்துக் காகிதத்தில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார். வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, தனக்கென்று நினைத்து வாயில் போட்டுக்கொண்டார். நன்றாகத்தான் இருக்கிறது என்றும் சொன்னார். அன்று அவருக்கு அன்னாசி கிடையாது.

மறுநாள் காலை பிளம்ஸ் இறங்கியது.

ஆனால் அக்கா வெறுமனே மீறவில்லை. வெறுமனே மீறியிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. லேபிள் வேண்டும் என்பது நியாயம், ஆகவே லேபிள் எழுதுவது என்று முடிவு செய்தார். கணக்குக்கு அவரிடம் ஒரு கையேடு இருந்தது. சர்க்கரை நோயாளிகளுக்கு எந்தப் பழத்தில் எவ்வளவு சர்க்கரை என்று அட்டவணை போட்டது. போன மாதம் வெளிநோயாளிப் பிரிவில் வரிசையில் நின்றபோது, அதே டயட்டீஷியன் தன் கையால் கொடுத்து, இதைப் பார்த்துச் சாப்பிடுங்கள் என்று சொல்லி அனுப்பியது. அடுப்படி முகமூடியும் தலைத்துணியும் இல்லாமல் அக்கா போயிருந்ததால், தான் யாருக்குக் கொடுக்கிறோம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை.

அக்கா தட்டுக் கணக்கில் மாவு கலக்கிறவர். ஒரு தட்டுக்குப் பன்னிரண்டு மஃபின். பழத்தில் உள்ளது, தான் போட்டது எல்லாம் கூட்டி ஒரு சீட்டில் எழுதினார்: தட்டுக்குச் சர்க்கரை 216 கிராம், ஒன்றுக்கு 18, ஒன்றின் எடை 80. இருநூற்று நாற்பது லேபிள் எழுத ஒரு கை போதாது. சீட்டைக் கொண்டுபோய் சலவைக்கூடத்தில் நாத்தனாரிடம் கொடுத்தார். பத்து மணி டீக்குள் வார்டுக்குப் போக வேண்டும். துணிக்கு எண் போடுகிற அந்தக் கை, அச்செழுத்துத் தோற்கும்படி எழுதும்.

எழுதியது. அழியாத மையில், இருநூற்று நாற்பது முறை: 'பிளம்ஸ். எடை 80 கிராம். சர்க்கரை 216 கிராம். புளிப்பு உண்டு.'

நாத்தனாரைக் குறை சொல்ல முடியாது. சலவைக்கூடத்தில் ஒன்று என்று ஓர் எண்ணே கிடையாது. விரிப்பு வருவது டஜனில், வெளுப்பது டஜனில், மடிப்பது டஜனில். தனியாக ஒரு விரிப்பு கண்ணில் பட்டால் அதற்குத் தொலைந்தது என்று பெயர். பத்தொன்பது வருடம் அப்படி எழுதிப் பழகிய கண், சர்க்கரைக்கு இருந்த இரண்டு எண்ணில் தட்டுக் கணக்கை மட்டும் பார்த்தது.

பத்தேகாலுக்கு ஆஸ்பத்திரி கொஞ்சம் ஆடிப்போனது. சர்க்கரை வார்டிலிருந்து மஃபின் அத்தனையும் தொடாமல் திரும்பின. இதய வார்டில் ஒரு நர்ஸ், ஏற்கெனவே பாதி தின்றுவிட்டவரின் நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். மற்ற வார்டுகளில் விஷயம் வேறு மாதிரிப் போனது. எமனே எழுதிக் கொடுத்த மாதிரி ஓர் எண் ஒட்டியிருந்தும் காலிக் காகிதக் கப்புகள்தான் திரும்பி வந்தன. எலும்பு வார்டில் காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்த ஒரு கணக்கு வாத்தியார், லேபிளைப் பிய்த்து அதன் பின்பக்கம் எழுதி அனுப்பியிருந்தார்: 'எண்பது கிராம் பொருளில் இருநூற்றுப் பதினாறு கிராம் சர்க்கரை இருக்க முடியாது. ஆனாலும் இன்னொன்று அனுப்பவும்.'

டயட்டீஷியன் முதல்முறையாகக் கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்தார்.

மூன்று மணிக்குக் கேன்டீன் மூலையில் விசாரணை. மேசையின் ஒரு பக்கம் டயட்டீஷியனும் மேனேஜரும், எதிரே அக்கா. கூப்பிடாமலே நாத்தனாரும் வந்து, துண்டு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேசைமேல் மூன்று பொருள்கள் இருந்தன. ஆப்பிள் தவிர வேறு பழம் போட மாட்டேன் என்று தட்டச்சு செய்த தாள். அதில் கையெழுத்துப் போடப் பேனா. சாட்சிக்காக ஒரு பிளம்ஸ் மஃபின்.

முதலில் மேனேஜர், மேலே என்ன சொல்லியிருக்கிறார்கள் என்பதைச் சொன்னார்: கையெழுத்து, இல்லாவிட்டால் அடுப்படிச் சாவி. டயட்டீஷியன் குரலை உயர்த்தவில்லை.

"நான் உங்களுக்கு எதிரி இல்லைங்க. ஒண்ணு சாப்பிட்டா எவ்வளவு சுகர் ஏறும்னு நர்ஸுக்குத் தெரிஞ்சாகணும்."

"தெரிஞ்சாகணும்தான் டாக்டரம்மா. அதான் எழுதினேன்."

"நான் டாக்டர் இல்ல. நீங்க எழுதினது இருநூத்திப் பதினாறு."

"அது நான் எழுதினது" என்றார் நாத்தனார், மூட்டைக்குப் பின்னாலிருந்து. "டஜனுக்கு. எங்க அண்ணி மேல பழி போடாதீங்க, அவங்க பங்குக்கு வேற பழி நெறைய இருக்கு."

டயட்டீஷியன் பன்னிரண்டால் வகுத்தார். பதினெட்டு. பையிலிருந்து தன்னுடைய ஆப்பிள் தாளை எடுத்துப் பார்த்தார். அதில் இருபத்திரண்டு. மறுபடி வகுத்தார். எண் மாறவில்லை. அந்தப் பதினெட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

அக்கா கையேட்டை எடுத்து மேசையில் வைத்தார். எண்ணெய் படிந்து, பழப் பக்கத்தில் மாவு அப்பியிருந்தது. "நீங்க குடுத்ததுதான். பாத்துச் சாப்பிடச் சொன்னீங்க. நான் பாத்துச் சுட்டேன். ருசி செத்த ஆப்பிளுக்குச் சக்கரையை அள்ளித்தான் போடணும், உங்க தாளே போடச் சொல்லுது. இதுக்கு வேண்டாம்."

டயட்டீஷியன் அக்காவின் முகத்தை அப்போதுதான் நன்றாகப் பார்த்தார். வரிசையில் நின்ற முகம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஆனால் கெட்டிக்காரப் பெண். எண்ணில் தோற்றதற்காக விஷயத்தை விட்டுவிடவில்லை.

"சரி. பிளம்ஸ் இருக்கட்டும். நாளைக்கு என்ன?"

"வண்டி வந்தாத்தான் தெரியும்."

"எனக்கு இன்னைக்கே தெரியணும்."

"எனக்கே தெரியாததை உங்களுக்கு எப்படிச் சொல்றது?"

"அப்போ என்னால ஒத்துக்க முடியாதுங்க."

அக்கா பேனாவை எடுத்தார். மேனேஜரின் முகம் மலர்ந்தது. அக்கா பேனாவை மூடி, தாளின்மேல் உருண்டு போகாமல் குறுக்காக வைத்தார்.

"எட்டு நாள் உங்க சொல்லைக் கேட்டேன். நான் சுட்டது மேல டீக் கப்பை வெச்சிருந்தாங்க. இருபத்தாறு வருஷத்துல என் தட்டு அப்படித் திரும்பி வந்ததில்ல. லேபிள் கேளுங்க, எழுதறேன். ஊசிக்குக் கணக்குக் கேளுங்க, தர்றேன். ஆப்பிள் போடச் சொல்லாதீங்க. கையெழுத்தும் போட மாட்டேன், சாவியும் தர மாட்டேன். பூட்டணும்னா காலைல ஆறு மணிக்கு வாங்க. நான் உள்ளதான் இருப்பேன்."

கடைசியில் சாட்சியை எடுத்துப் பத்திரப்படுத்தலாம் என்று டயட்டீஷியன் கையை நீட்டினார். தட்டில் காகிதக் கப் மட்டும்தான் இருந்தது. மேனேஜர் உதட்டோரத்தைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டார். அதை அவர் யார் சொல்லிச் செய்தார் என்பது இன்றுவரை தெரியவில்லை.

மறுநாள் அக்கா ஐந்தரைக்கே போய்விட்டார். தானும் துணைக்கு வரட்டுமா என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, லிஃப்ட் நின்றுபோனால் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். பயம் இல்லாமல் இல்லை. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வாசலைப் பார்த்தபடியே நின்றார். பூட்டப்பட்ட அடுப்படியில் தனக்கு என்ன வேலை என்று அவருக்குத் தெரியும்: யாரோ எங்கோ செய்ததைச் சுடவைத்து அடுக்குவது. அதற்கு ஆள் வேண்டாம், ஓர் அலமாரி போதும்.

ஆறு மணிக்கு வண்டி வந்தது. பிளம்ஸ் முந்தின நாளோடு சரி, பேரிக்காய் என்றார் பழக்காரர். அக்கா மூன்றாவதைக் கடித்தார், துப்பினார், இறக்கச் சொன்னார். இரண்டாவது பெட்டி இறங்கும்போது மேனேஜர் வந்தார், கையில் புத்தம்புதுப் பூட்டு. அவருக்கு ஐந்து நிமிடம் பின்னால் டயட்டீஷியன், இரண்டு பஸ் மாறி, தலை சரியாக வாராமல், நெஞ்சோடு ஒரு மின்தராசை அணைத்துக்கொண்டு.

பூட்டைப் பார்த்ததும் அந்தப் பெண் மேனேஜரிடம் திரும்பி, ஆப்பிள் உத்தரவில் இருப்பது தன் கையெழுத்து, அதைத் தானே திரும்பப் பெறுவதாகப் பத்து மணிக்கு எழுத்தில் தருவதாகச் சொன்னார். அதுவரை அந்தப் பூட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். மேனேஜர் அதிகம் தயங்கவில்லை. மேலிருந்து ஒருவர் சொல்லிவிட்டார் அல்லவா.

பிறகு டயட்டீஷியன் அக்காவிடம் தன் நிபந்தனையைச் சொன்னார். எந்தப் பழம் என்று முந்தின நாள் தெரியாவிட்டால் போகட்டும். தினமும் ஆறு மணிக்குத் தானே வருவார். பழம், சர்க்கரை, சாறு, பால் எல்லாம் தன் கண்முன்னால் எடை போடப்பட வேண்டும். எட்டு மணிக்குள் பழத்தின் பெயரும் எண்ணும் எல்லா வார்டுப் பலகையிலும் ஏறிவிடும். ஒருநாள் தான் வராவிட்டால் அன்றைக்கு மஃபின் கிடையாது. எந்த வார்டுக்கும்.

அக்கா யோசித்தார். யார் சொல்லும் இல்லாமல் இருபத்தாறு வருடம் நடத்திய அடுப்படி. அதைக் காப்பாற்றத்தான் இத்தனை சண்டை. சண்டையில் கிடைத்திருப்பதோ, தினமும் காலையில் தோளுக்குப் பக்கத்தில் தராசோடு நிற்கப்போகிற ஓர் ஆள்.

"வாங்க" என்றார். "ஆனா எந்தப் பழம்னு நான்தான் சொல்லுவேன்."

டயட்டீஷியன் மேசையைத் துடைத்துத் தராசை வைத்து, நோட்டைத் திறந்து, தேதி எழுதிவிட்டு நிமிர்ந்தார். அதற்குள் அக்கா நான்கு பேரிக்காயை நறுக்கித் தள்ளியிருந்தார். தன்னைக் கேட்டுவிட்டு அல்லவா கத்தியை வைத்திருக்க வேண்டும் என்றார் அந்தப் பெண், கொஞ்சம் கோபமாகவே.

"கேட்டுக்கிட்டு நின்னா பேரிக்கா கறுத்துடும்மா" என்றார் அக்கா, கத்தியை நிறுத்தாமல். "நீங்க எடை போடுங்க. நான் வெட்டறேன்."